கடல் அடுக்காத கல்

அன்று காலை, உப்பளத்தின் கடலோரக் கரை உடைந்து கிடந்த உடைப்பில் நின்றவர்கள் ஐந்து பேர்: உப்பளத்துப் பெரியவர், அவருடைய தம்பி, திட்டம் போட வந்த இன்ஜினியரம்மா, அவருக்கு அளவுகோல் பிடிக்க வந்த நெட்டையர், உப்பளத்து மடையைத் திறந்து அடைத்துவந்த மடைக்காரரின் மனைவி. மடைக்காரர் இருந்திருந்தால் ஆறு பேர். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், நடுப்பகலிலேயே இருட்டிய ஒரு புயலில், இதே உடைப்பு அவரைக் கொண்டுபோயிற்று. மூன்றாம் நாள் உடல் கிடைத்தது.

முன்னால் நின்று எல்லாம் செய்தது பெரியவர் வீடு. மடைக்காரரின் மனைவிக்கு வேலை கொடுத்ததும், மகளின் படிப்புக்குக் கைகொடுத்ததும் அதே வீடுதான். அந்த வாசலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர் இல்லை என்று ஊர் சொல்லும். எழுபத்திரண்டு வயதிலும் பெரியவரின் முதுகு வளையாமல் நின்றது பாதி அந்தச் சொல்லால்தான்.

இன்ஜினியரம்மாவின் திட்டம் எளிமையானது. பாழாய்க் கிடக்கும் பாத்திகளில் மறுபடி உப்பு விளைய வேண்டும். ஆனால் கடலோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. கடல் தானே உடைத்துக்கொண்டு வந்த இடத்தைக் கடலுக்கே விட்டுவிட வேண்டும். அங்கே சேறு படியட்டும், அலையாத்தி மரங்கள் முளைக்கட்டும்; அடுத்த புயலின் அடியை அது வாங்கிக்கொள்ளும். மற்ற இடங்களில் கரையை எடுத்துக் கட்டலாம். வரைபடத்தில் கடலின் பங்குக்கு நீல நிறம் பூசியிருந்தார்கள். மடைக்காரரின் நான்கு பாத்திகளும் நீலத்துக்குள் கிடந்தன.

அவர் மனைவியின் பெயரில் இருந்த சொத்து அந்த நான்கு பாத்திதான். சொந்த உப்பை மறுபடி வாரலாம் என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தவர், நீலத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு, “என் வீட்டுக்காரரையும் எடுத்துக்கிச்சு. நெலத்தையும் அதுக்கே எழுதிக் குடுக்கணுமாம்மா?” என்று கேட்டார்.

கடல் உடைத்த இடத்தில் எத்தனை தடவை கட்டினாலும் அது திரும்ப உடைக்கும் என்று இன்ஜினியரம்மா வருத்தத்தோடுதான் சொன்னார். பிறகு, எதற்கும் ஒரு வார்த்தை என்பதுபோலப் பெரியவர் பக்கம் திரும்பி, இங்கே உடைத்தது கடல்தானே என்று கேட்டார். பெரியவர் சொன்னால் அந்த ஊரில் வேறு சாட்சி தேவையில்லை. அவர் தலையசைத்தார். பத்தொன்பது வருஷமாக அசைத்துப் பழகிய தலை.

நெட்டையர் முழங்கால் சேற்றில் இறங்கிக் கோலை ஊன்றிக்கொண்டிருந்தார். அவருடைய தண்ணீர் பாட்டில் அதற்குள் காலி. “உப்புத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்” என்றார் தம்பி. “நான் எங்கண்ணே தின்னேன்? அதுதான் என்னைத் தின்னுது” என்றார் நெட்டையர். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

அப்போது கோல் கல்லில் இடித்தது. ஒரு சாண் தள்ளி ஊன்றினார், அங்கேயும் கல். குனிந்து சேற்றை வழித்தார். வரிசையாகக் கற்கள் வெளிப்பட்டன. பழைய படிக்கட்டாக இருக்கும் என்றார் இன்ஜினியரம்மா. ஆமாம், படிதான் என்று தம்பி கொஞ்சம் அவசரமாகவே சொன்னார்.

மடைக்காரரின் மனைவி புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்கினார். சேற்றுக்குள் கைவிட்டுத் தடவினார். நான்கு கல், அதன்மேல் நான்கு கல், அதன்மேல் நான்கு. அவர் கை அங்கேயே நின்றது.

கரையைத் திறக்கிறவன் முதலில் முகப்புக் கற்களைப் பெயர்ப்பான். பெயர்த்ததை எறிய மாட்டான். திரும்ப அடைக்கும்போது வேண்டும் என்று பக்கத்திலேயே நான்கு நான்காக அடுக்குவான். உப்பளத்தில் பிறந்தவன் எந்த அவசரத்திலும், எந்தப் புயலிலும் அப்படித்தான் செய்வான். புத்தி மறந்தாலும் கை மறக்காது.

அவர் எழுந்து நின்றார். தம்பியைப் பார்க்கவில்லை, பெரியவரைப் பார்த்தார்.

“அண்ணே, கடல் கல்லை அடுக்குமா?”

புயல் ஓய்ந்த அன்று தம்பியின் உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்துவிட்டுப் பெரியவர் கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்திருந்தார். தங்கள் பாத்திகளில் மழைத்தண்ணீர் நெஞ்சளவு நின்றதாம். நம் கரையை வெட்டினால் நம் பாத்தி போய்விடும். மடைக்காரர் பாத்திக் கரையைத் திறந்தால் தண்ணீர் வடிந்துவிடும் என்று பார்த்தானாம். கடல் அந்த வழியாகவே திரும்பி உள்ளே வரும் என்றோ, மடைக்காரர் கரையைப் பார்க்க ஓடி வருவார் என்றோ நினைக்கவில்லையாம். பெரியவர் அன்று சொன்னது ஒரே வாக்கியம்: கடல் உடைத்தது, அவ்வளவுதான்.

இப்போதும் ஒரு தலையசைப்புப் போதும். வீட்டின் பேர் நிற்கும், வரைபடம் நீலமாகவே இருக்கும்.

“அண்ணே, குடும்பத்தை நினைங்க” என்றார் தம்பி, உதடு அசையாமல்.

அதைத்தான் பெரியவர் நினைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை என்று இந்தப் பெண் எத்தனை தடவை சொல்லியிருப்பார், அதை எத்தனை தடவை நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டோம் என்று நினைத்தார்.

“அடுக்காது. அது எங்க வீட்டுக் கை” என்றார். “வெட்டினது இவன். கடல்னு சொல்லச் சொன்னது நான்.”

மடைக்காரரின் மனைவி கையில் இருந்த சேற்றைப் புடவையில் துடைத்தார். துடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“பத்தொம்பது வருஷம் உங்க உப்பைத் தின்ன வச்சு, நன்றி வேற சொல்ல வச்சீங்களே” என்றார். கரையேறிப் போனார்.

கடலுக்கு இடம் வேண்டுமென்றால் தன் பாத்திகள் இருக்கின்றன, இதைவிடப் பள்ளம், வேண்டுமானால் அளந்து பாருங்கள் என்று பெரியவர் இன்ஜினியரம்மாவிடம் சொன்னார். அளந்து பார்த்தார்கள். பள்ளம்தான். கடல் உடைக்காமல் ஆள் வெட்டிய கரை என்றால் திரும்பக் கட்டினால் நிற்கும் என்றார் இன்ஜினியரம்மா. நீலம் இடம் மாறியது.

அன்று மத்தியானம் அண்ணனும் தம்பியும் ஒரே ஆட்டோவில் காவல் நிலையம் போனார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. ஜாமீனில் வந்த தம்பி மாடியில் இருக்கிறார். சாப்பாட்டுத் தட்டு படிக்கட்டில் ஏறுகிறது, இறங்குகிறது. வாசலுக்கு யாரும் வருவதில்லை. பெரியவரின் பாத்திகளில் கடல் நிற்கிறது. அலையாத்திக் கன்றுகள் முழங்கால் உயரம் வந்திருக்கின்றன.

மடைக்காரரின் கரையை அதே கற்களை வைத்தே எடுத்துக் கட்டினார்கள். இந்தக் கோடையில் நான்கு பாத்தியும் உப்புப் பூத்து வெளுத்தது. மனசு ஆறி, முதல் உப்பில் ஒரு கூடையை மடைக்காரரின் மனைவி பெரியவர் வீட்டுக்கு அனுப்பினார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது.

அனுப்பவில்லை. அந்த வீட்டில் இன்று இருப்பது கடையில் வாங்கிய உப்பு.