ஆறு மணி நேரக் கூலி

அவள் காரில் பந்தய ஷாக் அப்சார்பர் நான்கையும் பொருத்த, பட்டறைக்காரச் சித்தப்பா ஆறு மணி நேரக் கூலி கேட்டார். அதைக் கொடுத்தால் நாளைய பந்தயத்துக்கு டயர் வாங்க அவளிடம் பணம் மிஞ்சாது.

“மூணு மணி நேரம் போதும் சித்தப்பா. காதுல பூ சுத்தாதீங்க.”

“சரி, ஆகுற நேரத்துக்குக் குடு.”

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் முன்சக்கரங்களைக் கழற்றும்போதே இவள் பின்சக்கரங்களில் இறங்கி, துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டினாள். மூன்று மணி நேரத்தில், பாயப் போகும் புலிபோல் கார் தாழ்ந்து நின்றது.

“பாத்தீங்களா, மூணுதான்.”

“ஆறுதாண்டி வாயாடி. முன்னாடி என் மூணு, பின்னாடி உன் மூணு. என் பங்கை மட்டும் வச்சிட்டுப் போ.”

அப்போதுதான் தன் கைகளில் அப்பியிருந்த கிரீஸைக் கண்டாள். சிரித்தபடி பணத்தை அவர் சட்டைப்பையில் திணித்துவிட்டு டயர் கடைக்கு ஓட்டம் பிடித்தாள்.