விரிசல் வழியே வந்தவள்

என் வேனில் ஏறினால் தூக்கம் வரும் என்று ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. மாதக்கணக்கில் கண்ணை மூடாத ஒரு வெள்ளைக்காரம்மா செங்கம் சாலையில் ஏறி, கிரிவலப் பாதையைச் சுற்றி முடிப்பதற்குள் வாயைப் பிளந்து தூங்கிப்போனார். எழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் கஃபேக்களில் எல்லாம் என் நம்பர்தான். நான் என்ன செய்தேன்? ஸ்டியரிங்கைப் பிடித்தேன், அவ்வளவுதான். மற்றதை மலை பார்த்துக்கொள்கிறது என்று நினைத்தேன். இந்த ஊரில் கொட்டாவி விட்டால்கூட அருள் என்றுதான் சொல்வார்கள். நானும் இந்த ஊர்க்காரன்தானே.

எனக்கு அந்த வேனில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி திரௌபதி செத்து இரண்டு வருஷம் ஆகிறது. நாலு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் இல்லை. போன ஐப்பசி மழை விட்ட பிறகு ஒரு மத்தியானம், சவாரியை இறக்கிவிட்டு, கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டுக்கொண்டு காலியாக வந்தேன். பக்கத்து சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

பயமே வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றவளை ஏற்றிக்கொண்டு வருகிற மாதிரிதான் இருந்தது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மலை எங்கள் கூடவே நகர்ந்தது. வெயில் மஞ்சள் கலந்த பாலாகச் சாலையெல்லாம் ஊறிக் கிடந்தது. எதிரே வந்த லாரி சத்தமே இல்லாமல் மிதந்து போனது. நான் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாள் என்று எப்படியோ தெரிந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன், அதுவே போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை, மூன்று முறை வந்தாள். கூடவே தலைவலியும் வந்தது. அருள் இறங்கும்போது தலை வலிக்கத்தான் செய்யும் என்று மாத்திரை போட்டுக்கொண்டேன். எவ்வளவு பெரிய மடையன் பாருங்கள்.

வண்டியில் இழுவை கம்மியானதால்தான் நூருல்லா பாயிடம் போனேன். வேங்கிக்கால் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். என் வண்டியை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். டிரைவர் சீட்டை ஒட்டியிருக்கும் இன்ஜின் மூடியைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்தார். டிக் டிக் என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துக் காட்டினார். இன்ஜின் கக்குகிற புகையை எல்லாம் சேர்த்து இழுவை கொடுக்கிற டர்போவுக்குள் தள்ளும் வார்ப்பிரும்புக் குழாய் ஒன்று உண்டு, டர்போ மேனிபோல்டு என்பார்கள். அதில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல், சுற்றிலும் கரி. டர்போவைச் சுற்ற வேண்டிய புகையில் பாதி நேராக வண்டிக்குள் வந்துகொண்டிருந்தது.

தூக்கம் வருகிறதா, தலை வலிக்கிறதா என்று பாய் கேட்டார். இரண்டும் என்றேன். நாற்றம்கூடவா தெரியவில்லை என்றார். எப்படித் தெரியும்? நான் காலையில் வண்டிக்குச் சாம்பிராணி போடுகிறவன். டேஷ்போர்டில் எப்போதும் இரண்டு ஊதுபத்தி எரியும். அந்தப் புகைக்குள் இந்தப் புகை ஒளிந்துகொண்டது. இப்படியே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் ஏறினவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள் என்றார். அந்த வெள்ளைக்காரம்மா தூங்கியது எந்தத் தூக்கம் என்று அப்போதுதான் புரிந்தது.

"இந்தப் புகை மண்டைக்கு ஏறினா இல்லாததெல்லாம் தெரியும். கண்ணு முன்னாடி எதுனா தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"இல்ல பாய்" என்றேன்.

இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, கழற்றிச் சூடேற்றி வெல்டு வைத்து, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடுவது. அது ஆறு மாசம் தாங்கும், அப்புறம் சூட்டில் விரிந்து சுருங்கி அதே இடத்தில் திரும்ப விரிசல் விடும். இன்னொன்று, சென்னையிலிருந்து புதுசு வரவழைப்பது. மூன்று நாள் ஆகும், ஆனால் வண்டி இருக்கிற வரைக்கும் தொல்லை இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி கையைத் துடைத்தார்.

"வெல்டே வெச்சிருங்க பாய்."

அவர் நான் செலவுக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்தார். என் மகள் மதிவதனி கீழ்பென்னாத்தூரில் மாமியார் வீட்டில் இருக்கிறாள், ஏழு மாசம். வளைகாப்பு முடித்து வெள்ளிக்கிழமை நான்தான் அவளை வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். அது பாய்க்கும் தெரியும்.

"மதிவதனிய இந்த முன் சீட்லதான உக்கார வெச்சுக் கூட்டியாரப்போற? வயித்துப்புள்ளக்காரி, மணிவேலு. வெல்டு போதும்னு இன்னொரு வாட்டி சொல்லு, வெச்சுத் தரேன்."

என்னால் சொல்ல முடியவில்லை. ஆறு மாசத்தில் திரும்ப விடும் என்பது அவருக்குக் குறை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. வெல்டு என்றால் திரௌபதி வர ஒரு சந்து மிச்சமிருக்கும். புதுசு என்றால் அதுவும் அடைபட்டுப்போகும். மகளை வாடகைக் காரில் கூட்டி வந்தால் என்ன என்றுகூட யோசித்தேன். பெற்ற அப்பன் யோசிக்கிற யோசனையா அது? ஆனால் யோசித்தேன், மறைக்கவில்லை.

நாளைக்குச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். கண்ணாடியை இறக்கியே ஓட்டு, ஒருத்தரையும் ஏற்றாதே என்று பாய் சாலை வரைக்கும் வந்து சொன்னார். திருப்பம் தாண்டியதும் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றினேன். அவளிடமே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

கீழ்பென்னாத்தூர் சாலையில் வெகுதூரம் தனியாகத்தான் போனேன். பிறகு வெளிச்சம் இளகியது. மரங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வழிவிட்டு ஒதுங்கின. பின்னால் இருந்த மலை முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. என் கைகள் ஸ்டியரிங்கின் மேல் யாருடைய கைகளோ போலக் கிடந்தன. அவள் வந்துவிட்டாள், தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வெல்டு வெச்சிடலாமா?" என்று கேட்டேன். சிரித்தபடி தலையாட்டினாள்.

"இல்ல, புதுசே போட்டுடலாமா?" அதற்கும் தலையாட்டினாள்.

மதியை வேறு வண்டியில் கூட்டி வரட்டுமா என்றேன். அதற்கும் அதே தலையாட்டல், அதே சிரிப்பு.

உயிரோடு இருந்தபோது ஒரு சட்டைத்துணி எடுக்க என்னோடு வந்தால் கடைக்காரனை அழவைத்துவிட்டுத்தான் திரும்புவாள். நான் சரி என்று சொன்னதற்கு அவள் ஒருநாளும் சரி என்று சொன்னதில்லை. இவள் எல்லாவற்றுக்கும் சரி என்கிறாள். யார் இவள் என்று தோன்றியது. முதல் முறையாக முழுசாகத் திரும்பிப் பார்த்தேன்.

சீட்டில் சாம்பிராணி டப்பாவும் மாத்திரை அட்டையும் இருந்தன. சக்கரத்துக்கு அடியில் மழை பெய்கிற சத்தம். சாலையில் காயப்போட்ட நெல்லின் மேல் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. முன்னால், நெல்லைத் தள்ளும் பலகையோடு ஒரு பெண் நின்றாள். மதி வயசுதான் இருக்கும். பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றபோது பம்பருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

அவள் பலகையைப் போட்டுவிட்டு வந்து, கதவைத் திறந்து, என்னைப் பிடித்து இறக்கி வரப்பில் உட்கார வைத்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். தூங்கிவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை, என் வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டு வந்தேன் என்றேன். அவள் எழுந்துபோய் வண்டிக்குள் பார்த்தாள். திரும்பி வந்து, தெரிந்தவர்கள் யாருக்காவது போன் போடுங்கள் என்றாள்.

அங்கே உட்கார்ந்தபடியே பாய்க்குப் போன் போட்டு, புதுசு சொல்லிவிடச் சொன்னேன். என்ன ஆச்சு என்றார். முதல் நாளில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அங்கேயே இரு என்றார். பிறகு அவரே ஒரு ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார். என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு வண்டியை ஓட்டினார். ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினை நிறுத்திய பிறகு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"நானா இருந்தாலும் வெல்டுதான் சொல்லியிருப்பேன், மணிவேலு."

வியாழக்கிழமை புது மேனிபோல்டை மாட்டினார். வண்டிக்குள் புகை வந்ததை மட்டும் மதிக்குப் போனில் சொல்லி வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினேன். கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. போட்டு, ஊதுபத்தி இல்லாமல். வண்டி அம்பாகப் போனது. தலை தெளிவாக இருந்தது. எதிரே வந்த லாரி காதைக் கிழித்துக்கொண்டு போனது. மலை அதன் இடத்திலேயே நின்றது. பக்கத்து சீட்டை நன்றாகத் திரும்பிப் பார்த்தேன், மறுபடி மறுபடி பார்த்தேன். ஒன்றும் இல்லை.

பாதி வழியில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். திரௌபதி செத்த அன்றுகூட நான் அழவில்லை. பந்தல், ஐஸ் பெட்டி, வந்தவர்களுக்குக் காபி என்று ஓடிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் சவாரி சவாரி என்று ஓடினேன், பிறகு அழ வேண்டிய அவசியம் இல்லாமல் அவளே வந்துகொண்டிருந்தாள். இரண்டு வருஷத்து அழுகையையும் அந்தப் புளியமரத்தடியில் அழுது தீர்த்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனேன்.

மதி இரண்டு கை நிறைய வளையலோடு மெதுவாக ஏறி, அந்த சீட்டில் உட்கார்ந்தாள். முதுகுக்குத் தலையணை வைத்துக் கொடுத்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு ஏம்பா இப்படி செவந்திருக்கு? இன்னும் புகை வருதா?"

"இல்லம்மா" என்றேன். "புகையெல்லாம் நின்னுபோச்சு."