விற்றவர் பெயர்

யாத்விகாவுக்குத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குள் ஒரு வண்டி வேண்டும். பவிசுக்காக இல்லை. போலந்தில் தன் ஊரைச் சுற்றியுள்ள பதினான்கு கிராமங்களில் வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, கட்டு மாற்றி, ரத்த அழுத்தம் பார்த்து வரும் நர்ஸ் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. சொந்த வண்டி இருந்தால்தான் வேலை என்று சுகாதார நிலையத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். வண்டி அமையவில்லை என்றால் செவ்வாய்க்கிழமை மினிபஸ்ஸில் ஏறி மறுபடியும் ஜெர்மனிக்குப் போய், யாரையோ பெற்றவர்களுக்குக் கால் கழுவிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ஆறு வருஷம் அப்படிக் கிடந்தாயிற்று. மகள் நீச்சல் கற்றுக்கொண்டதும் போனில், கண்ணாடி போட்டதும் போனில், முதல் தடவையாக அம்மாவிடம் பேசமாட்டேன் என்று கோபித்துக்கொண்டதும் போனில். இனி போகமாட்டேன் என்று யாத்விகா முடிவு செய்துவிட்டாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக அண்ணன் லெஷெக்கைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே நடக்கும் பழைய வண்டிச் சந்தைக்கு வந்து சேர்ந்தாள். லெஷெக் ஒரு காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்திருந்தான். கதவு கதவாக அதை ஒட்ட வைத்துப் பார்ப்பான். ஒட்டாமல் விழுந்தால் உள்ளே தகரம் இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவன் இதுவரை மூன்று வண்டி வாங்கி மூன்றிலும் மண்ணைக் கவ்வியவன். அதனாலேயே வீட்டில் அவனுக்கு அனுபவசாலி என்று பெயர்.

சந்தையில் முந்நூறு வண்டி நின்றது, எல்லாம் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தவை. முந்நூறில் ஒன்றாவது இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தால், கிடையவே கிடையாது. பன்னிரண்டு வயசு வண்டி, டிரைவர் சீட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது, பிரேக் மிதியில் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளக்கிறது, மீட்டர் மட்டும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்று கூசாமல் சொல்கிறது. ஜெர்மன்காரர்கள் வண்டி வாங்குவதே கொட்டகையில் பூட்டி வைத்துத் தூசி தட்டத்தான் போலிருக்கிறது. சாஸேஜ் சுடும் கடைக்குப் பக்கத்தில் ஒருவன் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் 'மீட்டர் திருத்தம்' என்று பலகை. திருத்தமாம்! ஒளிவு மறைவு என்று ஒரு எழவும் இல்லை.

பத்து மணிக்குள் ஒன்பது வண்டி பார்த்தாயிற்று. ஒன்றில் பானெட்டைத் தொட்டதுமே லெஷெக் கையை எடுத்துவிட்டான். குளிர்ந்த இஞ்சின் கிளம்பாது என்பதால் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். இன்னொன்றில் கால் மிதியைத் தூக்கினால் அடியில் ஈரம். எந்த வெள்ளத்தில் கிடந்ததோ. மூன்றாவது வண்டியில் காந்தம் எங்கேயுமே ஒட்டவில்லை. காந்தம்தான் பழுதோ என்று லெஷெக்குக்கே சந்தேகம் வந்து, பக்கத்துக் கம்பத்தில் ஒட்டிப் பார்த்தான்.

பத்தாவது, செனோன் என்பவன் நிறுத்தியிருந்த சாம்பல் நிற டீசல் வண்டி. பின்பக்கம் நீளமானது, மருந்துப் பெட்டிகள் தாராளமாகப் பிடிக்கும். செனோனுக்கு ஐம்பது வயசு இருக்கும், தோல் ஜாக்கெட், எந்நேரமும் சிரித்த முகம். கண்ணாடி போட்ட கிழவர் ஒருத்தரே ஓட்டிய வண்டி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்ததோடு சரி என்றான். அப்புறம் இந்தச் சந்தையில் எல்லாரும் சொல்வதையே அவனும் சொன்னான்.

"விக்கிறப்போ அந்த ஜெர்மன்காரர் அழுதுட்டாருக்கா. சாமி சத்தியமா, கண்ணுல தண்ணி."

மீட்டரில் ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். யாத்விகா அதைப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். ஓட்டிப் பார்த்தாள். ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினாள். ஆச்சரியம் என்னவென்றால், வண்டி நன்றாக இருந்தது. கியர் தடங்காமல் விழுந்தது, பிரேக் ஒரு பக்கமாக இழுக்கவில்லை, புகை இல்லை. காந்தமும் எல்லா இடத்திலும் ஒட்டியது. பேரம் பேசி, போலந்துப் பணத்தில் பதினோராயிரம் ஸ்வாட்டிக்குப் படிந்தது. லெஷெக்கின் முகத்தில், இந்தத் தடவை ஜெயித்துவிட்டோம் என்கிற களை.

செனோன் பானெட்டின் மேல் ஒப்பந்தப் படிவத்தை விரித்துப் பேனாவை நீட்டினான். யாத்விகா படித்தாள். விற்றவர் பெயர்: உவே கெட்லர். அதற்குக் கீழே ஜெர்மனி விலாசம், போன் நம்பர், அடியில் கையெழுத்து. வாங்குபவர் இடம் காலி. தேதி காலி. கிலோமீட்டர் காலி. செனோன் என்ற பெயர் அந்தத் தாளில் எங்கேயுமே இல்லை.

இதுதான் இங்கே வழக்கம். வியாபாரி ஜெர்மனியில் வண்டி எடுக்கும்போதே அந்த மனுஷனிடம் வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். இங்கே வாங்குகிறவர், தான் நேராக அந்த ஜெர்மன்காரரிடமே வாங்கியதாகக் கையெழுத்துப் போடுவார். நடுவில் நின்று லாபம் பார்த்தவன் காகிதத்தில் பிறக்கவே மாட்டான். வரி இல்லை, வழக்கு இல்லை. இஞ்சின் வெடித்தாலும் போய்ச் சட்டையைப் பிடிக்க ஆள் இல்லை. போலந்து எண் பலகை மாட்டிக்கொண்டு ஓடுகிற வண்டிகளில் பாதி இப்படி வந்ததுதான், ஊருக்கே தெரியும்.

யாத்விகாவுக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது வேறு. ஜெர்மனியில் நான்காம் வருஷம் அவள் கிழவி ஒருத்தியைத் தாங்கிப் பிடிக்கப் போய்ப் படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அனுப்பிய ஏஜென்சியில் கேட்டால், உன் ஒப்பந்தத்தில் எங்கள் பெயர் இல்லையே, நன்றாகப் பார் என்றார்கள். அதில் இருந்த பெயருக்கு எழுதிப் போட்டால் கடிதம் அப்படியே திரும்பி வந்தது. கட்டுப் போட்ட கையோடு, சொந்தக் காசில் பதினெட்டு மணி நேரம் மினிபஸ்ஸில் உட்கார்ந்து ஊர் வந்தாள். பெயர் இருந்தது, ஆள் இல்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

"இவரை நான் பாத்ததே இல்லையே," என்றாள். "இவர்கிட்ட வாங்கினேன்னு எப்படிக் கையெழுத்துப் போடுறது? உங்க பேரை எழுதுங்க."

செனோன் சிரித்தான். எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள், பதினோரு வருஷமாக இதே இடத்தில் நிற்கிறேன், ஒருத்தர்கூட இப்படிக் கேட்டதில்லை என்றான். லெஷெக் அவள் முழங்கையை நெருக்கினான்.

"போட்டுத் தொலையேன். நானே மூணு தடவை போட்டிருக்கேன்."

"அந்த மூணு வண்டியும் என்னாச்சு அண்ணே?"

லெஷெக் காந்தத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்த கூட்டத்தை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தான்.

யாத்விகா போனை எடுத்து, படிவத்தில் இருந்த நம்பரை அழுத்தினாள். செனோனுக்கு முதலில் புரியவில்லை. யாரும் அந்த நம்பரைக் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டாலும் பேச பாஷை வேண்டுமே. இவளோ ஆறு வருஷம் காது மந்தமான கிழவர்களோடு கத்திக் கத்தி ஜெர்மன் கற்றவள். அந்தப் பக்கம் உவே கெட்லர் எடுத்தார். நல்ல மனுஷன், ஞாயிற்றுக்கிழமை காலையில் பொறுமையாகப் பேசினார். வண்டி மூன்று லட்சத்து நாற்பத்தேழாயிரம் ஓடியது என்றார். தினமும் வேலைக்குப் போக வர நூற்றிருபது கிலோமீட்டராம். டைமிங் பெல்ட் போன வருஷம் மாற்றியது, பின்பக்க இடது கதவில் ஒரு தடவை தண்ணீர் இறங்கிச் சரிசெய்தது, நெடுஞ்சாலையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குடிக்கும், எல்லாம் சொன்னார். வெற்றுத் தாளில் ஏன் கையெழுத்து வாங்கினார்கள் என்று தனக்கும் அன்றே புரியவில்லை என்றார்.

யாத்விகா கடைசியாக ஒன்று கேட்டாள். பதிலைக் கேட்டுச் சிரித்துவிட்டு போனை வைத்தாள்.

"விக்கிறப்போ அழுதீங்களான்னு கேட்டேன்," என்றாள் செனோனிடம். "பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுப் போய் பீர் குடிச்சாராம்."

செனோனின் சிரிப்பு அன்றைக்கு முதல் தடவையாக இறங்கியது. சரி, வண்டி வேண்டாம் என்றால் சாவியைக் கொடுங்கள், வாங்க ஆள் வரிசையில் நிற்கிறது என்றான்.

"வேணாம்னு யார் சொன்னா? வண்டி நல்ல வண்டி. மூணு லட்சத்து நாப்பத்தேழாயிரம்னு எழுதுங்க, வித்தது நீங்கன்னு எழுதுங்க. பேசின பணம் இந்தா இருக்கு."

அவன் மாட்டேன் என்றான். அவள் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு அங்கே நடந்தது ஒரு கூத்து. வண்டியைப் பார்க்க வந்தவர்களெல்லாம் உள்ளே உட்கார்ந்திருந்தவளைத்தான் சொந்தக்காரி என்று நினைத்தார்கள். எவ்வளவு ஓடியது என்று கேட்டார்கள். மூன்று லட்சத்து நாற்பத்தேழாயிரம், மீட்டரை நம்பாதீர்கள் என்றாள். ஆயில் குடிக்குமா என்றார்கள். குடிக்கும் என்று அளவோடு சொன்னாள். பெல்ட் மாற்றியதா, மழைக்கு ஒழுகுமா, குளிரில் ஒரே தடவையில் கிளம்புமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தெரிந்ததற்குப் பதில் சொன்னாள், தெரியாததற்குத் தெரியாது என்றாள். தெரியாது என்று ஒருத்தி சொல்வதைக் கேட்டு ஒருவர் மலைத்துப் போய் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். செனோன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறப்பான், அதற்குள் இன்னொருத்தர் ஜன்னலில் குனிவார். லெஷெக் தங்கையைத் தெரியாதவன் போலச் சாஸேஜ் கடையில் போய் நின்றுகொண்டான்.

மதியம் ஒரு மணிக்குத் தேனீ வளர்க்கிற மனுஷர் ஒருவர் வந்தார். கூடுகளை ஏற்றிப்போக நீளமான வண்டி தேடி மூன்று ஞாயிறாக அலைகிறாராம். எல்லாவற்றையும் கேட்டார், குனிந்து அடியில் பார்த்தார், நிமிர்ந்தார். இந்தச் சந்தையில் உண்மை சொல்லும் ஒரே வண்டி இதுதான், கேட்ட விலைக்குமேல் ஐந்நூறு சேர்த்துத் தருகிறேன் என்றார்.

யாத்விகா, தன் வாயாலேயே தன் வண்டியைப் பறிகொடுத்துவிட்டோமே என்று பதறினாள். சந்தை இரண்டு மணிக்குக் கலைந்துவிடும். கண்ணை மூடினால் செவ்வாய்க்கிழமை மினிபஸ்ஸின் கடைசி சீட்டு தெரிந்தது.

செனோனுக்கு உயிர் வந்துவிட்டது. ஜன்னலில் கையை வைத்துக் குனிந்தான்.

"வித்தாச்சு, இறங்குங்கக்கா. இறங்கலேன்னா போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு." அதுவரை இருந்த மரியாதை இப்போது இல்லை. "வந்ததும், வண்டி உன்னுதுன்னு காட்டு. எந்தத் தாள்ல உன் பேரு இருக்கு? பதிவுப் புத்தகத்துல கெட்லர். ஒப்பந்தத்துல கெட்லர். அவர்கிட்ட நான் காலைல பேசிட்டேன், திரும்பப் பேசறேன். நீ யாரு? வழியில போற ஆள். ஒரு பொம்பள உக்காந்திருக்கிற வண்டிக்குப் பக்கத்துல நின்னு ரகளை பண்றே."

தேனீக்காரர் படிவத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு செனோனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆமா, நீ யாருப்பா?" என்றார். "உன் பேரை எழுதினாத்தான் எனக்கும் வேணும். ஆனா முதல்ல கேட்டது இந்தம்மா."

பக்கத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அடுத்த வண்டிக்காரர்கள் செனோனைக் கண்ணால் எரித்தார்கள். இந்த நோய் தங்கள் பக்கமும் தொற்றுவதற்குள் அந்தப் பொம்பளையை அனுப்பித் தொலை என்று ஒருத்தன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். ஏற்கெனவே இரண்டு வண்டி தள்ளி யாரோ, விற்றவர் பெயர் எங்கே என்று கேட்கும் குரல் வந்தது.

செனோன் கெட்லரின் படிவத்தில் வாங்குபவர் இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டு, ஒரு புதுப் படிவத்தை எடுத்தான். எழுதும்போது அவனுக்கு வியர்த்தது. தன் முழுப் பெயர், தெரு, வீட்டு எண் எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி எழுதினான். கிலோமீட்டர் கட்டத்தில் மூன்று லட்சத்து நாற்பத்தேழாயிரம் என்று எழுத்தாலும் எழுதச் சொன்னாள், எழுதினான். அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தபிறகுதான் அவள் கீழே இறங்கிக் கையெழுத்துப் போட்டுப் பணத்தைக் கொடுத்தாள்.

"ஒண்ணு சொல்றேன்," என்றான் செனோன். "நாளைக்கு இஞ்சின் போச்சு, கதவு ஒழுகுதுன்னு என் வீட்டு வாசல்ல வந்து நிக்காதீங்க."

யாத்விகா தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள்.

"நிப்பேன்," என்றாள்.