பதினேழாம் ஆள்

காக்களூர்த் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டும் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் அங்கே ஆராய்ச்சி செய்த பரத் ஓர் அழைப்பு அனுப்பியிருந்தான். வடிவமைப்புத் துறையில் தன் டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, வெள்ளிக்கிழமை பத்தரை மணி, அனைவரும் வருக, மதியம் பிரியாணி உண்டு. கெட்டிக்காரன்தான். கல்பனாவின் எண்ணைக் குழுவிலிருந்து எடுக்க மட்டும் மறந்துவிட்டான்.

கல்பனாவின் இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அவன் வடிவமைத்த பிரஸ்ஸில்தான் போயின. இரண்டு பட்டன்களையும் இரு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மெஷின் இறங்கும், அதனால் கை உள்ளே மாட்டாது என்பது அவன் கணக்கு. ஐந்தடிகூட இல்லாத கல்பனாவுக்கு இரண்டும் ஒருசேர எட்டவில்லை. சொன்னாள். "பழகிடும்மா" என்றான். உற்பத்தி குறைகிறதென்று சூப்பர்வைசர் லோகு ஒரு பட்டனை மரத்துண்டு செருகி அமுக்கி வைத்தபோதும் பரத் பக்கத்தில்தான் நின்றான். சும்மா இருந்த இடது கை உள்ளே மாட்டியது. வீட்டு கிரைண்டரில் கையை விட்டுவிட்டாள் என்று எழுதிக் கம்பெனி விஷயத்தை மூடிவிட்டது. நடந்ததை நடந்தபடி பரத் தன் கையால் எழுத வேண்டும். அதற்காகத்தான் கல்பனா ரயிலேறினாள். அவன் முகம் தொங்குவதையும் பார்த்துவிட்டால் வயிறு குளிரும்.

கல்லூரி மேடையில் அந்த மெஷினின் மாதிரி ஒன்று சந்தனப் பொட்டோடு நின்றது. பின்னால் திரையில், மெஷினை ஓட்டிச் சோதித்த பெண்களின் பெரிய பட்டியல். 'ஆள் 17: சொந்தக் காரணத்தால் விலகினார். விபத்து: இல்லை.' படித்ததும் கல்பனாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சபையில யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார் தேர்வை நடத்திய பேராசிரியர்.

இந்தத் தேர்வில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வழக்கமாக நண்பர்கள் இரண்டு பேர் இனிக்க இனிக்கக் கேட்டுவிட்டு உட்காருவார்கள். அவர்கள் எழுவதற்குள் கல்பனா மேடைக்கே போய்விட்டாள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாளும் குள்ளந்தான்.

"மேடம், இந்த ரெண்டு பட்டன் மேலயும் கொஞ்சம் கை வெச்சிக் காட்டுங்க."

அந்த அம்மாள் எழுந்து வந்து முயன்றார். ஒரு கை பட்டனில் இருந்தது, மற்றது காற்றில் துழாவியது.

"அந்தப் பதினேழாம் ஆளு நான்தான் மேடம். சொந்தக் காரணம் இன்னான்னா, இதான்." இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"எட்டலைன்னு இவங்க உங்ககிட்ட சொன்னாங்களா?" தேர்வாளர் பரத்தைப் பார்த்தார்.

"சொன்னாங்க மேடம். ஆனா ஒருத்தர்தானே, சராசரியில..."

"எட்டலைன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்கத்தான் இந்தப் படிப்பு முதல்ல கத்துக்குடுக்கணும். அஞ்சு வருஷமா என்ன கத்துக்கிட்டீங்க? இப்போ பட்டம் கிடையாது. திரும்பக் களத்துக்குப் போய் எழுதிட்டு வாங்க."

பரத்தின் முகம் வெளுத்தது. அருகே வந்து குரலைத் தாழ்த்தினான். "அக்கா, மன்னிச்சிடுங்க. நன்றி சொல்ற பக்கத்துல உங்க பேரப் போடுறேன்."

"உன் நன்றி எனுக்கு இன்னாத்துக்கு? அந்த வரிய மாத்து. இப்பவே, என் கண்ணு முன்னாடியே."

தேர்வாளர் பேனாவை நீட்டினார். பரத் ஆய்வேட்டைப் பிரித்துப் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினான்.

"எல்லாருக்கும் கேக்குற மாறிப் படி."

"ஆள் 17, கல்பனா. பட்டன் எட்டவில்லை என்று சொன்னார். நான் கேட்கவில்லை. ஒரு பட்டனில் மரத்துண்டு செருகியபோதும் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு விரல்களை இழந்தார்."

கல்பனாவுக்கு மனசு ஆறவில்லை.

"இன்னொரு தபா படி" என்றாள்.