புகை மட்டும் பாக்கி

"கொஞ்சம் சிரிச்ச முகமா நில்லும்மா. பால் வாளி கனக்குற மாதிரி."

"வாளி காலிங்கய்யா. கனக்குற மாதிரி எப்படி நிக்கிறது?" என்றாள் டமரிஸ்.

நான்கு நாட்களாக ஓவியர் லோவிக் அவளுடைய கூரை வீட்டை வரைந்துகொண்டிருந்தார். எஜமானின் உத்தரவு. அவள் கட்டியிருந்த வெள்ளை ஏப்ரன்கூட மாளிகையிலிருந்து வந்ததுதான்.

கால் கடுத்தது. வாளியை வைத்துவிட்டுப் படத்தை எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு மாடு?"

"உங்களோடதுதான்."

"மேய்ச்சல் நிலத்துக்கு எஜமான் வேலி போட்ட வருஷமே வித்துட்டோமே!"

"அவர் சின்னப் பையனா இருந்தப்போ பார்த்த மாதிரியே வேணுமாம். வேலியையும் எடுக்கச் சொல்லிட்டார்."

"படத்துல எடுத்தா போதுமா? கூரைகூட ஒழுகாது போல. நாங்க அங்கேயே குடி போயிடட்டுமா?"

லோவிக் வாய்விட்டுச் சிரித்தார். "போன கோடையில பள்ளத்துச் சந்து வீடுகளை வரைஞ்சப்போ ஒரு அம்மாவும் இதையேதான் கேட்டாங்க. நெத்தியில தழும்பு இருக்கும்."

டமரிஸின் சிரிப்பு நின்றது.

"அது என் அக்கா. படம் முடிஞ்சு, மிக்கேல் திருநாளுக்கு குத்தகை தீர்ந்ததும் அந்த வரிசையையே இடிச்சுட்டாங்க. இப்ப அங்க எஜமானோட மான் மேயுது. அவ ஏழைகள் விடுதியில கிடக்கா."

லோவிக் தூரிகையைத் துடைத்தார். தலை நிமிரவில்லை.

"படம் முடியிற வரைக்கும் எஜமான் ஒரு செங்கல்லையும் தொட மாட்டார்மா. இந்த இடத்து மேல அவருக்கு அவ்வளவு பிரியம்."

மிக்கேல் திருநாளுக்கு இன்னும் பதினோரு நாள். டமரிஸ் படத்தை மறுபடி எட்டிப் பார்த்தாள்.

"இன்னும்... எவ்வளவு பாக்கி?"

"புகை மட்டும்தான். அடுப்புல ஈர விறகு போடு. நல்லா சுருண்டு வரட்டும்."

அவள் உள்ளே போனாள். பானைத் தண்ணீர் முழுவதையும் அடுப்பில் கொட்டினாள். சாம்பல் சீறி அடங்கியது. புகைபோக்கி வெறுமையாகும்வரை காத்திருந்து வெளியே வந்தாள்.

"நெருப்பு அணைஞ்சுபோச்சுங்கய்யா. நாளைக்கும் எரியாது. நாளன்னிக்கும் எரியாது."

"பரவாயில்லம்மா." அவர் ஏற்கெனவே வெள்ளையையும் சாம்பல் நிறத்தையும் குழைத்துக்கொண்டிருந்தார். "பார்க்காமலே போடுவேன்."

தூரிகை ஒருமுறை சுழன்றது. படத்தில் அவள் வீட்டுக் கூரைமேல் புகை இதமாக எழுந்தது.

"ஏப்ரனைக் கழட்டிக் குடும்மா," என்றார் லோவிக், பெட்டியை மூடியபடி. "நாளைக்கு ஆற்றங்கரை வீட்டுக்கு வேணும்."