இறக்கையும் கையும்

அவள் வேலை பழ ஈக்களை வதைப்பது. இப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், ஆனால் உண்மை அதுதான். இறக்கையை வளர்க்கும் மரபணுவுக்கு இரண்டு சுவிட்ச் உண்டு. அதில் ஒன்றை வெட்டி எடுத்துவிட்டு, புழுக்களைச் சூட்டிலும் குளிரிலும் போட்டுப் பாடாய்ப் படுத்துவாள். அப்படியும் ஈக்கள் முழு இறக்கையோடுதான் வெளியே வரும், ஒரு நரம்புகூட இடம் மாறியிருக்காது. மிச்சமிருக்கும் சுவிட்ச் ஒற்றை ஆளாய் வேலையை முடித்துவிடும்.

நாள் முழுக்க இதைப் பார்த்த கண்ணுக்கு வீட்டிலும் அதுவே தெரிந்தது. புருஷன் முதல் தடவை அவள் தாடையைப் பெயர்த்தபோது மாமியார் ஐஸ்கட்டியை நீட்டி, "அவங்க அப்பா கையும் இப்படித்தாம்மா. ரத்தத்துல ஊறினது," என்றாள். வேறு யாராவது என்றால் அந்தப் பேச்சைக் காறித் துப்பியிருப்பார்கள். மரபணு படித்த இவள் நம்பித் தொலைத்தாள். இப்போது நாலு மாதக் கர்ப்பம். பிள்ளையும் அதே கையோடுதான் பிறக்குமோ என்ற பயத்தில் தூக்கம் போயிற்று.

அன்று அவள் போனை எடுக்கவில்லை. அவன் ஆய்வகத்துக்கே வந்துவிட்டான்.

"போனை எடுக்க முடியாத அளவுக்கு மகாராணிக்கு என்ன வேலை?"

"ஈயைப் பிரிச்சுட்டு இருந்தேங்க."

அலமாரியில் இருந்த கண்ணாடிக் குப்பிகளை வாரித் தரையில் தள்ளினான். ஈக்கள் மொய்மொய்யென்று கிளம்பின. முடியைப் பிடித்து அவள் முகத்தை மேஜையில் மோதினான். மூக்கு உடைந்து வாயெல்லாம் ரத்தம். கீழே விழுந்தவளின் வயிற்றைப் பார்த்துக் காலை ஓங்கினான். உள்ளங்கையில் சில்லு ஏற, அவள் உருண்டு ஒதுங்கினாள்.

சத்தம் கேட்டுக் காவலாளி ஓடிவந்தார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு அவருக்கு. அவரைக் கண்டதும் ஓங்கிய கால் தானாகத் தரைக்கு இறங்கியது. அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்ல சார், வழுக்கி விழுந்துட்டா," என்று குழைந்தான்.

தரையில் கிடந்தபடியே அவள் பார்த்தாள். எந்த இறக்கையும் ஆள் பார்த்து வளர்ந்ததில்லை. ரத்தம் என்ற பேச்சை நம்பிய தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அவன் குனிந்து, "நான் என்னடி பண்றது, ரத்தம் அப்படி. வா, வீட்டுக்குப் போலாம்," என்றான்.

"இந்த அண்ணனைப் பார்த்ததும் உங்க ரத்தம் எங்க போச்சு?"

அவள் மேஜையைப் பிடித்து எழுந்தாள்.

"கதவைப் பூட்டுங்கண்ணே, போலீஸ் வரட்டும். பிறக்கப்போறது இந்த ஆளைப் பார்த்து வளர வேணாம்."