ரேடியேட்டர் கழுத்தில் பச்சைத் துணி

கொம்பன் பட்டறைக்குள் நுழைந்த வேகத்தில், வாசலோரம் இருந்த எண்ணெய் டப்பா உருண்டு ஓடியது. பட்டறைக்காரர் குனிந்து ஒரு வால்வைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரை நிமிரக்கூட விடவில்லை. பின்கழுத்துச் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, முகத்தை இரும்பு மேசையில் மோதினான். மூக்கு உடைந்து, தேய்த்த வால்வின் மேலேயே ரத்தம் கொட்டியது.

"என் தம்பி கண்ணுக்கு என்னடா பதிலு?"

கொம்பனும் தம்பியும் ஒரே லாரியில் கருங்கல் ஏற்றிப் பிழைப்பவர்கள். லாரிக்கு வயது முப்பத்திரண்டு, தம்பியைவிட இரண்டு வயது மூத்தது. முந்தின நாள் காலை, ஏற்றத்தில் போகும்போது ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பியது. தம்பி இறங்கிப்போய் மூடியைத் திருகினான். உள்ளே இருந்தது அத்தனையும் பீய்ச்சிக்கொண்டு முகத்தில் அடித்தது. வலது கண் போய்விட்டது என்று டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார். இடது கண் பிழைக்குமா என்பது கட்டை அவிழ்த்தால்தான் தெரியும்.

வெறும் தண்ணீர் ஊற்றினால் அந்த மலையூர்க் குளிருக்கு உறைந்துபோய் இன்ஜினையே பிளந்துவிடும். அதனால் ஆறு வாரத்துக்கு முன்பு அந்த ரேடியேட்டரில் உறையாத கூலண்ட் திரவம் மாற்றிக் கொடுத்தவர் பட்டறைக்காரர்தான். வேறு யாரை உதைப்பது?

வெளியே, கயிறு கட்டி இழுத்துவந்த லாரி நின்றது. அதிலிருந்து குதித்து வந்தாள் தம்பி பெண்டாட்டி. கையில் டயர் கழற்றும் கம்பி. இரண்டு நாளாக ஒரு வாய் தண்ணீர் குடிக்காத முகம்.

"மூக்குல அடிச்சா என்ன மாமா ஆகப்போகுது? ஊத்துன கையைப் பிடிங்க."

மேசை ஓரத்தில், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் இருந்தது. கொம்பன் அவருடைய வலது கையை இழுத்து அதன் வாய்க்குள் திணித்தான். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினான். பட்டறைக்காரர் போட்ட அலறலில் கூரைத் தகரத்தில் இருந்த புறா பறந்தது.

"பச்சைதான்டா ஊத்துனேன்! பச்சைதான்!"

"பச்சையோ மஞ்சளோ, என் தம்பிக்கு இனி எல்லாம் கறுப்புடா."

"கேளுடா பாவி! உன் வண்டி ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஈயம் வச்சுப் பத்தவச்சது. அதுக்குப் பழைய வகைதான் சேரும். அதான் பச்சை. பச்சையோ மஞ்சளோன்னு கண்டதை ஊத்துனா ஈயத்தை அரிச்சிரும். கலந்துட்டா இன்னும் மோசம், கூழாகி குழாயெல்லாம் அடைச்சுக்கும். என் பேச்சை நம்பாதே. கீழ இருக்குற திருகைத் திறந்து பாரு!"

தம்பி பெண்டாட்டி கொம்பனைப் பார்த்தாள். பிறகு லாரிக்கு அடியில் புகுந்து திருகைத் திறந்தாள். தண்ணீராக எதுவும் வரவில்லை. செம்பழுப்பு நிறத்தில், ஆறிப்போன கஞ்சிபோல, கட்டி கட்டியாக விழுந்தது. அதைக் கையில் அள்ளிக்கொண்டு வந்தாள்.

"இது பச்சையே இல்லையே."

"சிவப்பு கலந்திருக்கும்மா. அது புது வண்டிக்கு ஊத்துறது. நான் வாங்குறதில்ல." மூக்கு ரத்தம் வாய்க்குள் போகப் போகத் துப்பிக்கொண்டு பேசினார். "நிறத்தை நம்பக் கூடாதும்மா, ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு சாயம் போடுறான். அதுக்காகத்தான் நான் ஊத்துன வண்டிக்கெல்லாம் ரேடியேட்டர் மூடிக்குக் கீழ கழுத்துல ஒரு துணியைக் கம்பி போட்டுக் கட்டுவேன். துணி இருந்தா, என்னைக் கேக்காம யாரும் ஊத்தக் கூடாது. உன் வீட்டுக்காரர் முன்னாலதான் பச்சைத் துணி கட்டுனேன். போய்ப் பாரு."

"துணியும் இல்ல, மணியும் இல்ல," என்றான் கொம்பன்.

சொன்ன வாய் மூடவில்லை, அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பத்து நாளைக்கு முன் பாதை நடுவில் ரேடியேட்டரில் திரவ அளவு குறைந்திருந்தது. தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். வழியோரக் கடைக்காரன் ஒரு சிவப்பு டப்பாவை நீட்டி, "இதை ஊத்துங்க அண்ணே, அஞ்சு வருசத்துக்குத் தொடவே வேண்டாம்," என்றான். கொம்பனும் பெருமையாக ஊற்றினான். அதே இடத்தில்தான் லாரியின் பின்கதவுக் கொக்கி உடைந்தது. கட்டுவதற்குக் கம்பி தேடியபோது கைக்குக் கிடைத்தது ரேடியேட்டர் கழுத்தில் இருந்த கம்பி. நேற்றும் அவன்தான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டு, "என்னடா பாக்குற, மூடியைத் திற," என்று தம்பியை விரட்டினான்.

பட்டறைக்காரர் அவன் முகத்தையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

கொம்பன் வைஸ் கைப்பிடியை இன்னொரு சுற்றுச் சுற்றினான். தெரிந்தேதான் சுற்றினான். விரல் எலும்பு காய்ந்த சுள்ளிபோல ஒடிகிற சத்தம் கேட்டது. ஒன்றில்லை, இரண்டு. பட்டறைக்காரருக்குக் குரலே வரவில்லை. கால் மடங்கி, மாட்டிய கையிலேயே தொங்கினார்.

"பொய் சொல்றான்மா. தப்பிக்கப் பாக்குறான்."

திரும்பினால் தம்பி பெண்டாட்டி அங்கே இல்லை. துணியைத் தேடி லாரியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முன்னால் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள். பின்கதவிடம் போனதும் அப்படியே நின்றாள். கம்பியை முறுக்கி அவிழ்ப்பது கொம்பன் காதில் விழுந்தது. ஓடலாம் என்று நினைத்தான். அதற்குள் அவள் உள்ளே வந்துவிட்டாள்.

வந்தவள் ஒரு கையில் டயர் கம்பி, மறு கையில் அந்தக் கட்டுக் கம்பி. கம்பியோடு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பச்சைத் துணி.

"பின்கதவுல நீங்கதானே மாமா கட்டுனீங்க? நான்தானே அன்னிக்குக் கல்லு இறக்கையில கேட்டேன், இது என்ன கொடின்னு. 'நம்ம வண்டிக்கும் ஒரு கட்சி இருக்கட்டும்'னு சிரிச்சீங்க."

"அம்மா..."

"சிவப்பு யாரு ஊத்துனது?"

அவன் தலை தாழ்ந்தது.

டயர் கம்பி முதலில் தோளில் இறங்கியது. தோள்பட்டை எலும்பு உள்ளே நகர்ந்ததை அவனே உணர்ந்தான். இரண்டாவது முழங்காலில். விழுந்தான். மூன்றாவதுக்கு அவள் ஓங்கியபோது அவன் கையைக்கூடத் தூக்கவில்லை.

"போதும்மா," என்றார் பட்டறைக்காரர் கரகரத்த குரலில். "முதல்ல என் கையை எடு."

டயர் கம்பியைக் கீழே போட்டாள். வைஸைத் தளர்த்தினாள். நசுங்கிய விரல்களைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது. தலைத்துணியை அவிழ்த்து அவர் கையைச் சுற்றிக் கட்டினாள்.

"கையைப் பிடிங்கன்னு நான்தானே சொன்னேன், அண்ணே."

அவர் கட்டிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

ஆஸ்பத்திரி நான்கு தெரு தள்ளி. வண்டி இல்லை. மூன்று பேரும் நடந்தார்கள், பட்டறைக்காரர் முன்னால், கொம்பன் காலை இழுத்துக்கொண்டு நடுவில், அவள் பின்னால். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பட்டறைக்காரரைக் கட்டுப் போடும் அறைக்கு அனுப்பிவிட்டு, கொம்பனைத் தம்பியின் கட்டில் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தாள். பச்சைத் துணியை அவன் கையில் திணித்தாள். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே குடுங்க."

தம்பி இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தான். காலடி கேட்டு, "யாரு, அண்ணனா?" என்றான்.

கொம்பன் துணியை அவன் உள்ளங்கையில் வைத்தான். தம்பி விரலால் தடவினான். கம்பி முறுக்கைத் தொட்டதும் உதடு லேசாக மலர்ந்தது.

"நம்ம பட்டறைக்காரரு கட்டுனதுல்ல இது? எங்கண்ணே கிடைச்சுது?"

"பின்கதவுல," என்றான் கொம்பன். "நான்தான் கழட்டிக் கட்டுனேன். சிவப்பு ஊத்துனதும் நான்தான்டா."

தம்பி துணியை விடவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.